உறுதி பாக்கிறம், சேர்வே பாக்கிறம், மண்ண ஆர் பாக்கிறது?

திருமலை, அதான் எங்கட திருகோணமலை, எண்டு நியூஸ்ல வந்தா ஒண்டில் கோணேசர் கோயில், இல்லாட்டி எண்ணெய்க் குதம். எண்ணெய்க் குதம் எண்டா உடன ஊர் ரெண்டாப் பிரிஞ்சிடும், ஆருக்கு எத்தின தாங்கி, எத்தின வருசத்துக்கு, இந்தியாவுக்கு வித்திட்டாங்க, இல்ல இல்ல குத்தகைக்குத்தான் குடுத்தது, இப்பிடியே தேத்தண்ணி ஆறும் வரைக்கும் போகும். 2022 ஜனவரில கையெழுத்து வைச்ச கணக்கு எனக்கே மனப்பாடம். 14 தாங்கி இந்திய எண்ணெய்க் கொம்பனிட இலங்கைக் கிளையான லங்கா ஐஓசிக்கு, 24 எங்கட அரசாங்கத்துட பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, மிச்சம் 61 ரெண்டு பேரும் சேந்த கொம்பனிக்கு, அந்தக் கொம்பனில 51 வீதம் கூட்டுத்தாபனத்துக்கு 49 வீதம் ஐஓசிக்கு. பேந்து 2025 ஏப்ரல்ல மோடி வந்து போகேக்க ஐக்கிய அரபு இராச்சியத்தையும் சேத்து இன்னொரு உடன்படிக்கை, திருமலைய எரிசக்தி மையம் ஆக்கப் போறாங்களாம்.

நல்லது, ஆக்கட்டும். ஆனா இவ்வளவு கதைக்கிற எங்கள்ல ஒரு ஆளாவது அந்தத் தாங்கியளுக்குக் கீழ இருக்கிற மண்ணுல என்ன ஊறிக் கிடக்கு எண்டு கேட்டு நான் காதால கேட்டதில்ல.

தாங்கியள் இருக்கிற சீனக்குடாப் பக்கம் போனவங்களுக்குத் தெரியும். வெள்ளைக்காரன் ரெண்டாம் உலக யுத்தத்துக்கு முதலே கடற்படைக் கப்பலுக்கு எண்ணெய் வைக்கக் கட்டினது, இப்ப 99 தாங்கி மிச்சம், ஒவ்வொண்டும் கிட்டத்தட்ட பத்தாயிரம் தொன் பிடிக்கும், பெரும்பாலானது மேல் குதத்துல காடு பத்திக் கிடக்கு. 1942 ஏப்ரல் 9 ஜப்பான்காரன் குண்டு போட்ட அண்டைக்கு ஒரு தாங்கி பத்தி எரிஞ்சு, நாள்க்கணக்கா எரிஞ்சதெண்டு பழைய ஆக்கள் சொல்லுவாங்க, உருகிச் சுருண்ட இரும்பு இண்டைக்கும் அதே இடத்துல இருக்கு. அவ்வளவு எண்ணெய் எரிஞ்சா எல்லாமா புகையாப் போயிருக்கும்? எல்லாப் பழைய தாங்கியிலயும் அடில சேறு மாதிரி ஒரு கசடு தங்கும், அந்தக் காலத்துல இரும்புக்கு அடிக்கிற பெயின்ட்ல ஈயம் சேர்க்கிறது சாதாரணம், குழாய் மூட்டு மூட்டா ஒழுகும். நான் சீனக்குடா மண் நாசம் எண்டு சொல்ல வரேல்ல. இப்பிடி ஒரு இடத்தக் கைமாத்தினா கன நாடுகள்ல முதல் வேலையா மண்ணையும் நிலத்தடித் தண்ணியையும் தான் பாப்பாங்க, அதைச் சொல்ல வாறன்.

எண்ணெய் மண்ணுக்குள்ள போனா என்ன நடக்கும் எண்டத ஒருக்கா விளங்கிக்கொண்டா மிச்சக் கதை லேசு. மணல் நிலத்துல எண்ணெய் நேர கீழ இறங்கும், தண்ணி மட்டம் வந்ததும் அங்க நிண்டு மிதக்கும். மாரிக்குத் தண்ணி மட்டம் ஏறும், எண்ணெயும் சேந்து ஏறும். கோடைக்கு இறங்கும், அதுவும் இறங்கும். இப்பிடி ஏறி இறங்கி ஏறி இறங்கி ஒரு ஆள் உயர மண்ண முழுக்கப் பூசி விட்டிடும். பேந்து நீங்க மேல இருக்கிற கறுத்த மண்ண அள்ளி எறிஞ்சிட்டு துப்பரவாக்கியாச்சு எண்டு சொன்னா அடுத்த மாரிக்குக் கிணத்துல திரும்பவும் மணக்கும். அதோட பெற்றோல்ல இருக்கிற பென்சீன் மாதிரி சாமான் தண்ணில கரைஞ்சு பக்கத்து வளவுக்கும் போகும், அதுக்கு வேலியும் தெரியாது உறுதியும் தெரியாது. ஈயம் வேற மாதிரி, அது போகாது, அந்த இடத்துலயே இருக்கும். இலங்கைல ஈயம் கலந்த பெற்றோல நிப்பாட்டினது 2002ல தான், அதுக்கு முதல் இருந்த பெற்றோல் செட், கராஜ் எல்லாத்துக்கும் கீழ இருக்கிற மண்ணுக்கு அது ஒரு கணக்கு, பட்டறி சார்ஜ் பண்ணுற கடைக்குக் கீழ பட்டறிட ஈயம் வேற கணக்கு.

இதெல்லாம் எனக்கு ஏன் இவ்வளவு தெரியும் எண்டா என்ர மச்சானால. மாமிட மகன், ஸ்காபரோல இருக்கிறான், வயசு போகேக்க ஊருக்கு வாறதெண்டு ஒரு கனவு. உப்புவெளி போற பக்கம் 15 பேர்ச் காணி ஒண்டு வந்திருக்கு, "மச்சான் நீ ஒருக்கா போய்ப் பாத்துச் சொல்லுடா, மிச்சத்த நொத்தாரிசு பாப்பார்" எண்டான். நொத்தாரிசு பாத்தார் தான். காணிப் பதிவேடு, அதான் தோம்பு, பாத்தார், உறுதி சுத்தம், சேர்வே பிளான் சரி, ரோட்டு ஒதுக்கம் பிரச்சினை இல்ல, கடற்கரை எல்லைக்குள்ளயும் வரேல்ல. ஃபைல் அப்பிடி ஒரு நேர்த்தி.

நான் போய்ப் பாத்தா அது பழைய கராஜ் வளவு. இப்ப ஒண்டும் இல்ல, தகரக் கொட்டிலைக் கழட்டியாச்சு, வடலி ரெண்டு, ஒரு மூலைல கொன்கிரீட் போட்ட குழி, வாகனத்துக்குக் கீழ நிண்டு ஒயில் கழட்டுறதுக்கு வெட்டின குழி. குழிக்குப் பக்கத்துல மண் மேலால நல்ல வெள்ளை மணல், காலால ஒரு சாண் கிளறினா கறுப்பு, கைல பிடிச்சுக் கசக்கினா பிசுக்கு, மணம் சொல்ல வேண்டியதே இல்ல. கிணறு அதிலயிருந்து ஒரு பதினைஞ்சு இருவது அடி தள்ளி. வாளி போட்டு அள்ளினன், தண்ணி கண்ணாடி மாதிரி தெளிவு, ஆனா மேல வானவில் நிறத்துல ஒரு படை. புரோக்கர் அண்ணன் சிரிச்சுக்கொண்டு "அது இரும்புத் துரு தம்பி, எங்கயும் இருக்கிறது தான்" எண்டார். அவர் சொன்னதுல ஒரு பாதி நியாயம் இருக்கு, இரும்புச்சத்து உள்ள தண்ணிலயும் பக்டீரியாவால அப்பிடி ஒரு படை வரும். ஆனா ரெண்டையும் பிரிச்சு அறிய ஒரு லேசான வழி இருக்கு, ஒரு ஈர்க்கு எடுத்து அந்தப் படையக் கீறிப் பாக்கிறது. பக்டீரியாப் படை எண்டா கண்ணாடி மாதிரி துண்டு துண்டா உடைஞ்சு அப்பிடியே நிக்கும். எண்ணெய் எண்டா கீறின கீறல் உடன திரும்ப ஒட்டிக்கொள்ளும். கீறினன். ஒட்டிக்கொண்டுது. திரும்பக் கீறினன், திரும்ப ஒட்டிக்கொண்டுது. புரோக்கர் அண்ணன் "குழாய்த் தண்ணி எடுக்கலாம் தானே, இப்ப ஆர் கிணத்துத் தண்ணி குடிக்கிறாங்க" எண்டு அடுத்த கதைக்குப் போயிட்டார்.

இதை மச்சானுக்குச் சொன்னதும் அவன்ட மூச்சு மாறிட்டுது, ஏனெண்டா அவன் வேலை செய்யிறது ஒரு கட்டடக் கொம்பனில, கனடால இது எவ்வளவு பெரிய விசயம் எண்டு அவனுக்குத் தெரியும். ஒன்ராரியோ மாகாணத்துல கராஜோ பெற்றோல் செட்டோ பக்டரியோ இருந்த காணில வீடு கட்டுறதெண்டா சும்மா கட்டேலாது. முதல் கட்டம், காணிட பழைய கதையத் தோண்டுறது, பழைய மேப், பழைய வான்படம், முந்தி ஆர் இருந்தாங்க என்ன தொழில் செய்தாங்க. அதுல சந்தேகம் வந்தா ரெண்டாம் கட்டம், மண்ணத் துளைச்சு எடுத்து லாப்ல குடுக்கிறது. எல்லாம் முடிஞ்சு அந்தக் காணிட நிலவரம் மாகாணப் பதிவேட்டுல ஏறினாத்தான் கட்டட அனுமதி. அந்தப் பதிவேட்ட ஆரும் திறந்து பாக்கலாம். எங்கட தோம்பு மாதிரித்தான், ஆனா எங்கட தோம்புல ஆர் ஆருக்கு வித்தான் எண்டு இருக்கும், அங்க மண்ணுக்கு என்ன நடந்தது எண்டு இருக்கும்.

சரி, சட்டம் போட்டு கட்டாயப்படுத்தினா மட்டும் காணி சுத்தமாகுமா? ஆகாது, பயந்து ஒருத்தரும் வாங்க மாட்டாங்க, அது அப்பிடியே குப்பைமேடாக் கிடக்கும். அமெரிக்காக்காரன் இதுல நல்லா அடிபட்டவன். 1978ல நியூயோர்க் மாநிலத்துல லவ் கனால் எண்ட இடத்துல பழைய ரசாயனக் கழிவுக் குழிக்கு மேல வீடும் பள்ளிக்கூடமும் கட்டின சனத்துக்கு வீட்டுக்குள்ளயே அது வெளிக்கிட்டு, நாடே கலங்கி, 1980ல சூப்பர்ஃபண்ட் சட்டம் வந்தது. அந்தச் சட்டம் கடுமை, அழுக்காக்கினவன் மட்டும் இல்ல, இப்ப காணிய வைச்சிருக்கிறவனும் பொறுப்பு. நோக்கம் நல்லது தான், ஆனா விளைவு என்ன எண்டா பாங்க் லோன் குடுக்கப் பயம், வாங்கிறவனுக்குப் பயம், எல்லாரும் ஊருக்கு வெளியால புதுக் காணிக்கு ஓட, நகரத்துக்கு நடுவுல பழைய பக்டரி வளவெல்லாம் அப்பிடியே கிடந்தது. 1995ல தான் அதுக்கெண்டு தனித் திட்டம் தொடங்கினாங்க, 2002ல சட்டத்தையே திருத்தி, வாங்க முதல் ஒழுங்கா டெஸ்ட் பண்ணிப் போட்டு வாங்கினவனுக்குப் பழைய ஆள் செய்த அழுக்குக்குப் பொறுப்பு இல்ல எண்டு பாதுகாப்புக் குடுத்தாங்க. இது சின்ன விசயம் மாதிரி இருக்கும், எனக்கு இதுதான் முழுக் கதைலயும் முக்கியமான இடமாப் படுது. டெஸ்ட் பண்ணினவனுக்கு நன்மை, பண்ணாதவனுக்கு ஆபத்து. எங்கட ஊர்ல தலைகீழ். டெஸ்ட் பண்ணினா காணி விலை விழும், பண்ணாட்டி ஒருத்தருக்கும் தெரியாது, அப்ப எந்த விசரன் பண்ணுவான்?

எண்ணெய்க் குதத்துக்கும் இதே நியாயம் தான். ஐஓசிக்குக் குடுத்த குத்தகை 50 வருசம். இண்டைக்கு மண்ணுல என்ன இருக்கு எண்டு அளந்து எழுதி வைக்காட்டி 50 வருசத்துக்குப் பிறகு எந்த எண்ணெய் வெள்ளைக்காரன்ட, எந்த எண்ணெய் கூட்டுத்தாபனத்துட, எந்த எண்ணெய் புதுக் கொம்பனிட எண்டு எந்த நீதிமன்றத்தாலயும் பிரிக்கேலாது. அது கொம்பனிக்கும் நல்லதில்ல, நாளைக்கு எல்லாப் பழியும் அவங்கட தலைல விழும். வாடகைக்கு வீடு எடுக்கேக்க சுவர்ல இருக்கிற வெடிப்ப ஃபோன்ல படம் எடுத்து வைக்கிறம் தானே, அவ்வளவுதான் கேக்கிறது.

இலங்கைல ஒருத்தரும் பொறுப்பெடுத்ததே இல்லையெண்டும் சொல்லேலாது. சுன்னாகம் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், மின்நிலைய எண்ணெய் கிணத்துக்குள்ள வந்து சனம் ரோட்டுல இறங்கினது. உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரல்ல தீர்ப்பு சொன்னது, அழுக்காக்கினவன் தான் குடுக்கோணும் எண்டு, ரெண்டு கோடி ரூவா நட்டஈடு. அந்தத் தீர்ப்ப நான் பெருசா மதிக்கிறன். ஆனா கவனிச்சுப் பாருங்க, முதல் கிணறு பழுதாகி, சனம் போராடி, கொம்பனி இன்னாரெண்டு தெரிஞ்சு, வழக்குப் போட்டு, வருசக்கணக்கு இழுத்து, அதுக்குப் பிறகு தான் காசு. கொம்பனியே இல்லாத இடத்துக்கு என்ன செய்யிறது? கராஜ்காரர் எப்பவோ செத்துட்டார், பிள்ளையள் வெளிநாட்டுல. வெள்ளைக்காரன்ட கடற்படைக்கு எதிரா ஆர் வழக்குப் போடுறது?

இஞ்ச தான் நகரசபை, மாநகரசபை எண்டு சொல்லுற ஆக்கள் வரோணும், வேற நாடுகள்ல வந்திருக்காங்க. மச்சான் சொல்லித்தான் எனக்கு ஹமில்டன் கதை தெரியும், டொரொன்டோவுக்குப் பக்கத்துல இரும்பு உருக்குற ஊர், பழைய பக்டரி வளவு நிறைய. அந்த நகரசபை 2001ல ஒரு திட்டம் கொண்டு வந்து, காணிக்காரன் மண் டெஸ்ட் பண்ணுற செலவுல பாதிய சபையே குடுத்தது. ஏனெண்டா பெரிய பயம் துப்பரவாக்கிற செலவு இல்ல, அது எவ்வளவு வரும் எண்டு தெரியாத பயம். கொஞ்சக் காசு சபை போட்டா அந்தப் பயம் போகுது, இலக்கம் ஒண்டு கைல வருது, அதை வைச்சு பாங்கோட கதைக்கலாம். அடுத்தது வரி. பாழ் காணிக்கு சபைக்குக் கட்டுற சோலைவரி சொற்பம், துப்பரவாக்கி அடுக்குமாடி கட்டினா சோலைவரி பல மடங்கு ஏறும், அந்த ஏறின தொகைல பெரிய பங்க பத்து வருசம் வரைக்கும் துப்பரவாக்கினவனுக்கே திருப்பிக் குடுக்கிறாங்க. சபைக்குக் கைக்காசு போகேல்ல, முந்தி வராத காசுல ஒரு பங்கு தான் போகுது.

எங்கட சபைல இத அப்பிடியே கொப்பி பண்ணேலாது எண்டும் சொல்லோணும். எங்கட சோலைவரி எவ்வளவு எண்டு கட்டுறவங்களுக்குத் தெரியும், அதுல ஏறினது எவ்வளவு, திருப்பிக் குடுக்கிறது எவ்வளவு, தேத்தண்ணிக் காசும் வராது. மற்றது, பெரிய அழுக்குக் காணி எதுவும் சபைட கைல இல்ல. துறைமுக அதிகாரசபை ஒரு பக்கம், கூட்டுத்தாபனம் ஒரு பக்கம், படை ஒரு பக்கம், வன இலாகா ஒரு பக்கம். திருமலைல சபைட அதிகாரம் எங்க தொடங்கி எங்க முடியுது எண்டு கேட்டா குப்பை லொறி போற ரோட்டப் பாத்தாத்தான் விளங்கும்.

பெரிய நகரங்கள் செய்யிறதப் பாத்து வாயப் பிளக்கிறதுலயும் எனக்குப் பெரிய விருப்பம் இல்ல, ஆனா டொரொன்டோ துறைமுகத்தச் சொல்லாம விடேலாது, ஏனெண்டா அது எங்கட கதைக்குக் கிட்ட. ஒரு காலத்துல சதுப்பு நிலம், அத நிரப்பி எண்ணெய்த் தாங்கியும் நிலக்கரியும் வைச்சாங்க, பேந்து தொழில் போயிட்டுது, மண் முழுக்க எண்ணெய். 2017ல நகரம், மாகாணம், மத்திய அரசு மூண்டும் சேந்து 125 கோடி கனடிய டொலர் போடுறதெண்டு அறிவிச்சு, டொன் ஆத்துக்குப் புதுசா ஒரு முகத்துவாரமே வெட்டிட்டாங்க. பத்து லட்சம் கன மீட்டருக்கு மேல மண் தோண்டி, பக்கத்து அழுக்கு மண்ணுல இருந்து எண்ணெய் கசிஞ்சு ஆத்துக்குள்ள வராம அடில தடுப்புப் படை விரிச்சு, அதுக்கு மேல மணலும் கல்லும் செடியும். மச்சான் பிள்ளையளக் கூட்டிக்கொண்டு போய் படம் அனுப்பினான், ஆத்தப் பாத்தா கீழ இப்பிடி ஒரு வேலை நடந்ததெண்டு சொல்லவே ஏலாது. லண்டன்ல 2012 ஒலிம்பிக்குக்கு மைதானம் கட்டின இடமும் இப்பிடித்தான் பழைய தொழிற்பேட்டை, கிட்டத்தட்ட இருவது லட்சம் தொன் மண்ணத் தோண்டி அந்த இடத்துலயே கழுவிப் பெரும் பகுதிய திரும்பப் பாவிச்சாங்க, கழுவின இடத்துக்கு மண் ஆஸ்பத்திரி எண்டு பேர்.

எல்லாம் வெற்றிக்கதை எண்டும் நினைக்காதீங்க. சியாட்டில்ல நிலக்கரில இருந்தும் பேந்து எண்ணெய்ல இருந்தும் காஸ் எடுத்த ஆலை 1956ல மூடினது, நகரம் அத வாங்கி 1975ல பூங்காவாத் திறந்தது, பழைய இரும்புக் கோபுரங்கள அப்பிடியே விட்டு, மண்ணுக்குள்ள மரத்தூளும் கழிவுச் சேறும் உழுது நுண்ணுயிருக்கு எண்ணெயத் தின்ன விட்டாங்க. அருமையான யோசனை, இண்டைக்கும் அழகான இடம். ஆனா 1984ல அந்தப் பூங்காவ கொஞ்ச காலம் மூடித் திரும்ப டெஸ்ட் பண்ண வேண்டி வந்தது, பக்கத்து ஏரியிட அடிச் சேத்துப் பிரச்சினை அதுக்குப் பிறகும் வருசக்கணக்கா இழுபட்டது. காணிய ஒருக்கா துப்பரவாக்கி ரிப்பன் வெட்டினா முடிஞ்சுது எண்டு இல்ல, அதுக்குப் பிறகும் ஒரு ஆள் கிணத்துத் தண்ணியப் பாத்துக்கொண்டே இருக்கோணும், அதுக்குச் சம்பளம் ஆர் குடுக்கிறது எண்டு முதலே எழுதோணும். நான் பாத்த வரைக்கும் எங்கட நாட்டுல ரிப்பனுக்குக் காசு இருக்கும், அந்த ஆளுக்கு இருக்காது.

இப்ப நான் சொல்ல வந்த விசயத்துக்கு வாறன். எங்களால ஏலாது, நாங்க ஏழை நாடு எண்டு ஆரும் சொன்னா நான் ஒத்துக்கொள்ள மாட்டன், ஏனெண்டா நாங்க இதே வேலைய செய்து காட்டியிருக்கிறம். மிதிவெடி.

யோசிச்சுப் பாருங்க. யுத்தம் முடிய வடக்கு கிழக்கு முழுக்க காணி கிடந்தது, சனம் போகேலாது, விதைக்கேலாது, காணிக்கு உறுதி இருந்தும் கால் வைக்கேலாது. அப்ப என்ன செய்தாங்க? முதல் ஊர் ஊராப் போய் சனத்திட்ட கேட்டாங்க, எங்க மாடு வெடிச்சது, எங்க பங்கர் இருந்தது, எந்தப் பக்கம் ஆமி நிண்டது. அதுல வந்த சந்தேகக் காணிய மேப்புல கீறினாங்க. பேந்து கொஞ்சம் உள்ள போய்ப் பாத்து இது உண்மைல ஆபத்து, இது சும்மா பயம் எண்டு பிரிச்சாங்க, அதுல நிறையக் காணி தோண்டாமலே விடுபட்டது. மிச்சத்துக்கு மண்டையோடு போட்ட சிவப்பு போர்ட், குச்சி, நாடா. பிறகு முழங்கால்ல இருந்து ரேக்கால மண்ண விரல் விரலா சுரண்டினது, அதுல கன பேர் பொம்பிளையள், வெயில்ல அந்தக் கனத்த அங்கியையும் முகமூடியையும் போட்டுக்கொண்டு. கடைசில வேற ஒரு குழு வந்து செக் பண்ணி, பத்திரம் எழுதிக் காணிய ஒப்படைச்சது. ஒரு தேசிய நிலையம் எல்லாக் கணக்கையும் ஒரே இடத்துல வைச்சிருந்தது. 2017ல மட்டக்களப்பு மாவட்டம் மிதிவெடி இல்லாத மாவட்டம் எண்டு அறிவிச்சாங்க, அதே வருசம் டிசம்பர்ல இலங்கை மிதிவெடியத் தடை செய்யிற ஒட்டாவா உடன்படிக்கைல சேந்தது, நாடு முழுக்க முடிக்க 2028 ஜூன் வரைக்கும் தவணை.

விசாரி, சந்தேகத்த மேப்பில போடு, டெஸ்ட் பண்ணு, எல்லை அடையாளம் வை, துப்பரவாக்கு, வேற ஆளால செக் பண்ணு, பத்திரம் குடு. ஹமில்டன்லயும் இதுதான், லண்டன்லயும் இதுதான். இன்னொண்டும் பாருங்க, மிதிவெடி ஆர் புதைச்சது எண்டு வழக்கு முடியும் வரைக்கும் ஒருத்தரும் காத்துக்கொண்டு நிக்கேல்ல. முதல் எடுத்தாங்க. அங்க வெளிநாட்டுக் காசு வந்தது உண்மை தான், கால் போற விசயம் எண்டதால உலகம் காசு குடுத்தது, எண்ணெய் மண்ணால கால் உடன போகாது, பத்து இருவது வருசம் எடுத்து ஈரலும் ரத்தமும் போகும், அதுக்கு டொனர் தேடுறது கஷ்டம். அதெல்லாம் எனக்கும் விளங்குது. ஆனா முதல் ரெண்டு படிக்கும் காசு தேவையே இல்ல.

ஏன் தேவையில்ல எண்டா சபைட அலுமாரிலயே பாதி விடை இருக்கு. கராஜ், பெயின்ட் அடிக்கிற இடம், பட்டறிக் கடை, லேத், ஐஸ் பக்டரி எல்லாத்துக்கும் வருசா வருசம் வியாபார உரிமம் குடுத்தது இதே சபையள் தான். சின்னத் தொழிலுக்கான சுற்றாடல் பாதுகாப்பு உரிமமும் சபை மூலமாத்தான் போகுது. அந்தப் பழைய ரெஜிஸ்டர எடுத்து ஒரு கிளார்க்கும் ஒரு தொழில்நுட்ப உத்தியோகத்தரும் குந்தினா எந்த வளவுல எந்தக் காலத்துல என்ன தொழில் நடந்தது எண்டு ஒரு பட்டியல் வரும். பெற்றோல் செட் எங்க இருந்தது, நிலத்துக்குக் கீழ தாங்கி இன்னும் இருக்கா எண்டு பென்சன் எடுத்த ஆக்கள் ரெண்டு பேரக் கேட்டா சொல்லுவாங்க, துறைமுகத்துல வேலை செய்த பெரியாக்கள் சிலர் இப்பவும் கோயில் வீதில ஆறு மணிக்குக் கதைச்சுக்கொண்டு இருப்பாங்க, அவங்க போனா அந்த மேப்பும் போயிடும். இந்தப் பட்டியல வைச்சு கட்டட அனுமதிப் படிவத்துல ஒரே ஒரு கேள்வி சேத்தாக் காணும்: இந்தக் காணில முந்தி இந்தத் தொழில் நடந்ததா? ஓம் எண்டா மண் டெஸ்ட் ரிப்போட் கொண்டு வா. அவ்வளவுதான், இதுக்கு உலக வங்கி வேண்டாம்.

துப்பரவாக்கிறதுலயும் எல்லாம் டொரொன்டோ விலை இல்ல. டீசல், மண்ணெண்ணெய், லேசான எண்ணெய் எண்டா மண்ண வெளில எடுத்து, கீழ தாள் விரிச்சு, ஒரு முழ உயரத்துக்குப் பரப்பி, பசளை கொஞ்சம் போட்டு, ஈரம் காயாமப் பாத்து, அடிக்கடி உழுது விட்டா மண்ணுல ஏற்கனவே இருக்கிற நுண்ணுயிரே மாசக்கணக்குல தின்னும். குளிர் நாட்டுல குளிர் காலத்துல அது படுத்திடும், எங்கட வெக்கைல படுக்காது, இந்த ஒரு விசயத்துல கடவுள் எங்கட பக்கம். மாரிக்கு மட்டும் மேலால மூடோணும், இல்லாட்டி மழை எல்லாத்தையும் கழுவிக் கொண்டு போய் பக்கத்து வாய்க்கால்ல விடும். கராஜ் ஒயில் மாதிரித் தடிச்ச எண்ணெய்க்குக் கன காலம் எடுக்கும், ஈயம் இருந்தா இந்த வழி சரிவராது, அத மூடி வைக்கிறதோ அள்ளி எடுக்கிறதோ தான், அள்ளினா எங்க கொண்டு போய்க் கொட்டுறது எண்டது அடுத்த சண்டை.

இந்தியாலயும் இப்பத்தான் முழிச்சிருக்கிறாங்க, 2025ல தான் மாசுபட்ட இடங்களுக்கெண்டு தனி விதியே வந்தது, அதுவும் போபால் நடந்து நாப்பது வருசத்துக்குப் பிறகு, அந்தப் பக்டரிக்குள்ள கிடந்த கழிவு 2025 ஜனவரில தான் லொறி ஏறினது. நாங்களும் நாப்பது வருசம் இருக்கோணும் எண்டு ஒரு சட்டமும் இல்ல.

மச்சான் அந்தக் காணிய விட்டிட்டான். வேற ஆரோ வாங்கிட்டாங்களாம், அத்திவாரம் வெட்டியாச்சு.

காணி வாங்கப் போறவங்க, இல்லாட்டி உங்கட கிணத்துல சந்தேகம் இருக்கிறவங்க, ஈர்க்கால கீறிப் பாக்கிறது முதல் வேலை, ஆனா படை இல்ல எண்டதுக்காக நல்ல தண்ணி எண்டு அர்த்தம் இல்ல, கரைஞ்சது கண்ணுக்குத் தெரியாது. லாப்ல குடுக்கிறதெண்டா முதல் ஃபோன் அடிச்சு எண்ணெய்க்குப் பாப்பீங்களா எண்டு கேளுங்க, சாதாரண குடிதண்ணி டெஸ்ட்ல உப்பும் கிருமியும் தான் பாப்பாங்க, எண்ணெய்க்குத் தனியாச் சொல்லோணும். பிளாஸ்டிக் போத்தல் வேண்டாம், கண்ணாடிப் போத்தல், போத்தல லாப்லயே தந்தா இன்னும் நல்லது, பென்சீன் பாக்கிற போத்தல்ல காத்துக் குமிழி நிக்காம வாய் வரைக்கும் நிரப்பி மூடி, ஐஸ் பெட்டில வைச்சு ஏலுமெண்டா அண்டைக்கே கொண்டு போய்க் குடுங்க. மாரி தொடங்க முதல் ஒருக்கா, தண்ணி ஏறின பிறகு ஒருக்கா.